கிராமத்துக்குக் கணக்கு எழுதியவர்

(ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை)

பி.காம். படித்த பிள்ளைக்குக் கிராமத்தில் என்ன வேலை என்று நம்ம ஊர்ப் பக்கம் இன்றைக்கும் கேட்பார்கள். வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து படித்த நம்மில் பலர், பட்டம் வாங்கிய கையோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ கிளம்பிப் போனோம். அதில் தப்பு ஒன்றுமில்லை. வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே! ஆனாலும் தொழில்முனைவு, சமூகப் பொருளாதார மேம்பாடு என்றெல்லாம் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் உட்கார்ந்து பாடமாகப் படிக்கிறபோது, அந்தப் பழைய கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. தன் வாழ்க்கையையே அதற்குப் பதிலாகத் தந்துவிட்டுப் போன தமிழர் ஒருவர் உண்டு. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். லண்டனில் தேறிய தணிக்கையாளர். அமெரிக்காவில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் படித்தவர். பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் குமரப்பா. ஜே.சி. குமரப்பா என்றால் மூத்தவர்களுக்குத் தெரியும். இளையவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இந்தச் சில பக்கங்கள்.

தஞ்சாவூர்ப் பிள்ளை

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் குமரப்பா பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் அதிகாரி. தாயார் எஸ்தர் ராஜநாயகம். வேளை தவறாமல் ஜெபம், ஞாயிறு தவறாமல் கோயில், எதிலும் ஒழுங்கு என்றிருந்த குடும்பம். சென்னையில் டவ்டன் பள்ளியில் படித்தார். பிறகு லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை பயின்று தேறினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் தாயகம் திரும்பி, பம்பாயில் தொழில் பார்த்தார். 1924இல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாகவே தணிக்கை நிறுவனம் தொடங்கினார்.

அந்தக் காலத்துக் குமரப்பாவை நாம் பார்த்திருந்தால் துரை என்றே நினைத்திருப்போம். உடை மேல்நாட்டு உடை, பழக்கம் மேல்நாட்டுப் பழக்கம், பெயரும் கொர்னேலியஸ். கம்பெனிகளின் ஏடுகளைப் புரட்டி, வரவு இது, செலவு இது, லாபம் இவ்வளவு என்று பைசா பிசகாமல் சொல்லுவார். யாருடைய வியர்வையில் அந்த லாபம் வந்தது என்ற பத்தி எந்த ஏட்டிலும் இல்லை. அவரும் அப்போது அதைத் தேடவில்லை.

திசை மாறிய இடம்

1927இல், அண்ணனைப் பார்த்து வரலாம் என்று அமெரிக்கா சென்றார். சும்மா இருக்கப் பிடிக்காமல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து 1928இல் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே பொது நிதித் துறையில் பெரிய பெயரோடு இருந்த பேராசிரியர் செலிக்மனிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கேதான் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. தேவாலயம் ஒன்றில் பேச அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பதைப் பற்றிக் குமரப்பா பேசினார். அந்தப் பேச்சு செய்தித்தாளில் வெளிவர, செலிக்மன் அதைப் படித்துவிட்டார். ஆய்வுக்கு வேறு தலைப்பு எதற்கு, இதையே எடுத்துக்கொள், அரசாங்கத்தின் வரி வரவையும் செலவையும் பார்த்து உன் நாட்டின் வறுமைக்குக் காரணம் கண்டுபிடி என்று மாணவரைத் திருப்பிவிட்டார். தணிக்கையாளர் அல்லவா? குமரப்பா ஒரு கம்பெனியின் ஏட்டைப் பார்ப்பதுபோலவே பிரிட்டிஷ் இந்தியாவின் ஏட்டைப் புரட்டினார். வரி ஏழையிடமிருந்து வந்தது. செலவோ ராணுவத்துக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்கும் இங்கிலாந்துக்குக் கட்ட வேண்டிய பாக்கிகளுக்கும் போனது. மேடைப் பேச்சு செய்யாத வேலையை அந்தக் கணக்கு செய்தது. துரையாகப் போனவர் தேசபக்தராகத் திரும்பினார். கொர்னேலியஸ் என்ற பெயரைப் பின்னுக்குத் தள்ளி, குடும்பப் பெயரான குமரப்பாவை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

சபர்மதி மரத்தடியில்

தன் ஆய்வைப் புத்தகமாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு உடுப்பு, கையில் கைத்தடி. சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை நூற்றுக்கொண்டிருந்தார். ராட்டையை முன்பின் பார்த்திராத குமரப்பா நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அந்தக் கிழவரே காந்தி என்று தெரிந்தது! பட்டு உடுப்பு கசங்குவதைப் பாராமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆய்வை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிடக் காந்தி ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு தாலுகாவின் பொருளாதார நிலையைக் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து எழுதித் தர வேண்டும். தனக்குக் குஜராத்தி தெரியாதே என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீட மாணவர்கள் கூட வருவார்கள் என்று காந்தி வழி சொன்னார்.

ஐம்பத்து நான்கு கிராமங்கள்

அப்படிப் பிறந்ததுதான் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகா ஆய்வு. 1929 கடைசியில் தொடங்கி 1930 தொடக்கம் வரை 54 கிராமங்கள். வீடு வீடாகக் கேள்வி. நிலம் எத்தனை, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். 1931இல் அது புத்தகமாக வந்தது.

அது காட்டிய உண்மை எளிமையானது. உழவனுடைய நிலத்தை ஒரு தொழில் என்று வைத்து, அவனுடைய உழைப்புக்கும் அவன் வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது நஷ்டம்தான். லாபம் இருந்தால்தானே வரி? நஷ்டத்தின் மேல் போட்ட வரி, உழவன் வாயிலிருந்து எடுத்த சோறு என்பது அந்த ஆய்விலிருந்து பளிச்சென்று தெரிந்தது. கம்பெனிக்குச் செய்யும் தணிக்கையை அவர் குடிசைக்குச் செய்தார். அவ்வளவுதான்! ஆனால் அதுவரை அப்படி யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

இன்றைய மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமரப்பா திட்டம் எழுதிவிட்டு ஊருக்குப் போகவில்லை. ஊருக்குப் போய்க் கணக்கு எடுத்துவிட்டுத்தான் திட்டம் எழுதினார். நாமோ புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் போன வருஷத்து சீனியருடையதைத் தேடுகிறோம்!

வேதமும் சிறையும்

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் கைதானபோது யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பில் குமரப்பாவும் தோள் கொடுத்தார். அதில் எழுதியதற்காக 1931இல் சிறை சென்றார். அதே ஆண்டு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளைப் பரிசீலிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவருடைய தணிக்கைக் கண் பயன்பட்டது.

அந்நாளில் திருச்சபைப் பெரியவர்கள் பலர் சுதந்திரப் போராட்டத்திலிருந்து ஒதுங்கியே நின்றார்கள். கல்கத்தா மெட்ரோபாலிட்டன் பிஷப் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்தவ நெறிக்கு ஒத்ததல்ல என்ற நிலை எடுத்தார். குமரப்பா விடவில்லை. மலைப்பிரசங்கத்தைப் பின்பற்றுகிறவன் அகிம்சைப் போராட்டத்தின் பக்கம் நிற்பானா, அல்லது துப்பாக்கியால் ஆளுகிற பேரரசின் பக்கம் நிற்பானா என்ற கருத்தில் பகிரங்கமாக வாதாடினார். திருச்சபையை அவர் விட்டுவிடவுமில்லை, அது சொன்னதற்கெல்லாம் தலையாட்டவுமில்லை. ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த நமக்கு இது முக்கியம். கோயிலில் கேட்டதையும் வகுப்பில் கேட்டதையும் இரண்டு தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்காத மனிதர் அவர்.

பீகாரில் ஒரு கண்டிப்பு

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நன்கொடை குவிந்தது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணாதான் என்று வரம்பு கட்டிவிட்டார். ஊர்ப் பணம், அதிலும் இடிந்த வீட்டுக்காரனுக்காக வந்த பணம் அல்லவா?

அந்த நேரம் காந்தியும் அவருடன் சிலரும் பாட்னாவுக்கு வந்தார்கள். பாலும் பழமும் அந்த அணாக் கணக்கில் அடங்காது. அந்தச் செலவையும் மோட்டார் பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஷயம் காந்தியிடம் போனது. கோபித்துக்கொள்வார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். காந்தியோ அந்தக் கண்டிப்பை ஏற்றுக்கொண்டார். காந்திக்கே பில் பாஸ் செய்யாத கணக்கர்! பொதுப்பணத்தைத் தொடுகிற எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் கதை நம் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குமரப்பாவுக்குக் கோபம் சட்டென்று வரும். நேரம் தவறினால் பிடிக்காது, கணக்கு தவறினால் அறவே பிடிக்காது. கூட வேலை செய்தவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்காது. ஆனால் மற்றவர்களுக்கு வைத்த சட்டத்தை அவர் முதலில் தனக்கே வைத்தார்.

மகன்வாடி என்னும் பட்டறை

1934 அக்டோபரில் பம்பாய்க் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. அமைப்பாளரும் செயலாளரும் குமரப்பா. ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த இடம், மகன்வாடி என்று பெயர் பெற்றது.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஆசிரமம். உள்ளே போனால் பட்டறை. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சோப்பு, மண்பாண்டம் என்று ஒவ்வொன்றிலும் சோதனை நடந்தது. பழைய செக்கை அப்படியே கும்பிடவில்லை. மாடு சிரமப்படாமல் எண்ணெய் கூடுதலாக வரும்படி அதைத் திருத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு, புகை குறைந்த அடுப்பு இவையெல்லாம் அங்கே உருவாயின. கிராம சேவகர்களுக்குப் பயிற்சி, மாத இதழ், 1938 டிசம்பரில் காந்தி திறந்துவைத்த அருங்காட்சியகம் என்று வேலை விரிந்தது.

இதில் இருந்த பொருளாதாரத்தை நம்ம ஊரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பாகூரில் ஒருவர் உள்ளூர்ச் செக்கில் நல்லெண்ணெய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செக்குக்காரர் அந்தப் பணத்தில் பக்கத்து வயல்காரரிடம் எள் வாங்குவார். மிச்சத்தில் தச்சருக்கும் கொல்லருக்கும் கூலி கொடுப்பார். தச்சர் வில்லியனூர்ப் பானை வாங்குவார். ஒரே ரூபாய் நாலு வீட்டு அடுப்பை எரிய வைத்துவிட்டு வெளியே போகும். அதே எண்ணெயைத் தொலைதூரத்து ஆலைப் பாக்கெட்டாக வாங்கினால், கடைக்காரரின் கமிஷன் போக அந்த ரூபாய் அன்றைக்கே பஸ் ஏறிவிடும். ஊரில் பணம் வருகிறதா என்பதைவிட, வந்த பணம் எத்தனை கை மாறிவிட்டுப் போகிறது என்பதே கிராமத்தின் உயிர்நாடி. குமரப்பாவின் வாதத்துக்கு இதுதான் அச்சாணி.

இயந்திரமே கூடாது என்று அவர் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரயில், மின்சாரம் போன்ற பெரிய காரியங்கள் பொது உடைமையாக, பெரிய அளவில் நடக்கலாம் என்பதே அவர் நிலை. சோறும் துணியும் வீடும் தருகிற தொழில்கள் மட்டும் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்றார். டிராக்டர் உழும், ஆனால் சாணி போடாதே என்று வேடிக்கையாகக் கேட்டவரும் அவரே. சிரித்துவிட்டு யோசித்தால், அதில் மண்வளத்தின் கணக்கு முழுவதும் இருக்கிறது.

ஐந்து படிகள்

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில் மறுபடி கைதாகி, ஜபல்பூர் சிறையில் இருந்தார். அங்கே இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் படித்த காந்தி முன்னுரை தந்ததோடு, கிராமத் தொழில் டாக்டர் என்ற பட்டத்தையும் விளையாட்டும் மனதாரவுமாகச் சூட்டினார். கொலம்பியா கொடுக்காத டாக்டர் பட்டம்!

தொழில்முனைவு படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டாவது புத்தகத்தைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். அதில் இயற்கையைப் பார்த்துப் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்.

முதல் வகை, புலியினுடையது. தனக்கு உணவு தருகிற உயிரையே அழித்துவிடும். இரண்டாவது, மாந்தோப்பில் புகுந்த குரங்கினுடையது. மரத்தைக் கொல்லாது, ஆனால் நட்டதுமில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை, பழம் மட்டும் தின்னும். மூன்றாவது, தானே பாடுபட்டுக் கூடு கட்டி அதில் வாழும் பறவையினுடையது. நான்காவது, தேனீயினுடையது. தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காக உழைக்கும். ஐந்தாவது, குஞ்சுக்கு இரை தேடி ஊட்டும் தாய்ப்பறவையினுடையது. கைம்மாறு எதிர்பாராத தொண்டு அது.

இதில் நம் பாடத்தின் இடம் எது? தொழில்முனைவு, மூன்றாவது படி. புலிக்கும் குரங்குக்கும் மேலே என்பதால் அதற்கு மரியாதை உண்டு. பிறர் உழைப்பைப் பறிக்காமல் சொந்த முயற்சியில் பிழைப்பவன் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஆனால் குமரப்பாவின் ஏணி அங்கே முடியவில்லை. அதற்கு மேலே சமூகம் இருக்கிறது. அதற்கும் மேலே தொண்டு இருக்கிறது. தொழில்முனைவு என்பதையும் சமூகப் பொருளாதார மேம்பாடு என்பதையும் ஏன் ஒரே பாடமாகச் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள் என்று குழம்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று அவர் வற்புறுத்தினார். தூரதேசத்துக் கோகோவை வாங்கிக் குடிக்கிறோம். அது கட்டாய உழைப்பில் விளைந்திருந்தால் அந்தப் பாவத்தில் குடித்தவனுக்கும் பங்கு என்பது அவர் கணக்கு. பக்கத்துத் தெருவில் செய்த பொருளென்றால் எப்படிச் செய்தார்கள், கூலி கொடுத்தார்களா என்று எட்டிப் பார்த்துவிடலாமே! 1973இல் வந்து உலகப் புகழ் பெற்ற, சிறியதே அழகு என்ற பொருள்படும் ஆங்கில நூலில் ஷூமாக்கர் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் சொன்ன பிறகுதான் நம்மில் பலருக்குக் குமரப்பா தெரியவந்தார் என்பதும் நம்ம ஊர் வழக்கம்தான்.

விடுதலைக்குப் பின்

நேரு தலைமையில் 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பாவும் இருந்தார். சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். பெரிய ஆலைகளை நோக்கி ஓடும் வண்டியில் அவரால் உட்கார முடியவில்லை. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராகி, 1949இல் அறிக்கை தந்தார். உழுகிறவனுக்கே நிலத்தில் உரிமை, இடைத்தரகர் ஒழிப்பு என்று துணிந்து பேசிய அறிக்கை அது. அதில் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கியது.

தோற்றுப்போனாரா? அவர் கேட்டபடி நாடு நடக்கவில்லை என்ற அளவில் ஆம். ஐந்தாண்டுத் திட்டங்கள் வேறு பாதையில் போயின. ஆலை விலைக்கு முன்னால் பல கைத்தொழில்கள் நிற்க முடியவில்லை. கைக்குத்தல் அரிசி நல்லதுதான். ஆனால் விடியலில் எழுந்து உலக்கை பிடித்த நம் பாட்டிமார்கள் மில் வந்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதும் உண்மை. அந்த உழைப்பின் பாரத்தைக் குறைத்து, பலனை மட்டும் ஊரில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வியை அவர் நமக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசி ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கே திரும்பி, மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் சின்னக் குடிலில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. அவர் அறைச் சுவரில் காந்தி படத்தோடு ஏழைக் கிராமத்தான் ஒருவனின் படமும் இருந்ததாம். வந்தவர்கள் கேட்டால், காந்தி தன் எஜமானர், அந்த ஏழை தன் எஜமானருக்கும் எஜமானர் என்று விளக்குவாராம். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். காந்தி மறைந்த அதே தேதி!

நம்ம கொம்யூன்களுக்கு வருவோம்

குமரப்பா காலத்தில் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18இல் கூடி வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அரசியல் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. பொருளாதாரக் கணக்கு இன்னும் பாக்கி.

சும்மா இருந்துவிடவில்லை நம் ஊர்களும். அதே கீழூரிலும் பிள்ளையார்குப்பத்திலும் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிர்க்கிராமத் திட்டம் நடத்தியது. நிலமில்லாத குடும்பங்களும் காளான் வளர்ப்பு போன்ற சிறு தொழில்களால் வருமானம் பார்க்க முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்கள் தொடங்கின. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் போனது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவற்றையெல்லாம் செய்தியாகப் படித்துக் கைதட்டிவிட்டு நாம் போய்விடக் கூடாது. அந்த மண் எங்கிருந்து வருகிறது, சூளைக்கு விறகு என்ன விலை, இடையில் வாங்கி விற்பவருக்கு எவ்வளவு, செய்தவர் கையில் கடைசியில் எவ்வளவு என்று உட்கார்ந்து எழுத ஒரு பி.காம். மாணவர் போதும். மாத்தர் தாலுகாவில் அன்றைக்கு நடந்தது அதுதான்.

பாகூருக்கு இன்னொரு பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இங்கே வித்யாஸ்தானம் என்ற பெயரில் உயர்கல்விக்கூடம் இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அதாவது, பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல் ஒரு கல்லூரியை வளர்த்தது! ஊர் கல்லூரிக்குக் கொடுத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. கல்லூரி ஊருக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு ஏடு எங்கே? அந்தப் பத்தி எல்லாக் காலத்துக் கல்லூரிகளிலும் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அதை நிரப்பப் பெரிய தியாகம் வேண்டியதில்லை. மாணவத் தம்பி தங்கைகளே, வருகிற விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து உங்கள் சொந்த ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அந்தத் தெருவுக்குள் வந்த பணம் எவ்வளவு, எதற்காக வெளியே போனது, அதில் எந்தப் பொருளை ஊரிலேயே செய்ய முடியும் என்று கணக்கு எடுங்கள். புதிய தொழிலுக்கான யோசனை அந்தத் தாளிலேயே உட்கார்ந்திருக்கும். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் முன்னாள் மாணவ நண்பர்களே, அந்த யோசனைக்கு முதல் கடன் கொடுக்கவோ, கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கவோ, முதல் ஆர்டர் கொடுக்கவோ நம்மால் முடியாதா? அடுத்த சங்கமத்துக்கு நாம் தேநீர் குடிக்கும் குவளை வில்லியனூர் மண்ணில் செய்ததாக இருந்தால்கூட அது ஒரு தொடக்கம்தான்.

பி.காம். படித்த பிள்ளைக்குக் கிராமத்தில் வேலை உண்டு, நிறையவே உண்டு. குமரப்பா அதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நோட்டும் பேனாவும் நம் கையில்தான் இருக்கின்றன.

வாழ்க குமரப்பா புகழ்! வளர்க நம் கல்லூரி!